மேகம் மறைத்த நாளுக்கு என்ன எண்?

ஒலுவில் வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கடற்கரையோரமாக, எனது உறவினர் ஒருவரின் வளவு இருக்கின்றது. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் சும்மா இருக்கமாட்டான் என்பதற்கு நானும் விலக்கல்ல. 2024 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அந்த வளவிலே ஒரு சிறு வேலையைத் தொடங்கினேன். பழைய பைனாகுலர் ஒன்றை ஒரு கம்பில் இறுகக் கட்டி, அதன் ஒரு கண்ணை மூடிவிட்டு, மற்றக் கண்ணால் வரும் சூரிய ஒளியை வெள்ளை மட்டையிலே விழச் செய்தோம். சூரியனை நேரே பார்க்கவே கூடாது, பைனாகுலருக்குள் கண்ணை வைக்கவே கூடாது என்பதுதான் முதல் பாடம். மட்டையில் விழுந்த வட்டத்தில் தெரிகின்ற கரும்புள்ளிகளை எண்ணி, திகதியும் நேரமும் இட்டு, ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதவேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. சூரியன் தனது பதினொரு வருடச் சுழற்சியின் உச்சத்தில் இருந்த காலம் அது. மே மாதத்தில் பூமியைப் பதினைந்து தடவைகள் அடுக்கி வைத்தாலொத்த அகலமுள்ள ஒரு புள்ளிக் கூட்டம் வட்டத்தைக் கடந்து போயிற்று. அதிலிருந்து கிளம்பிய காந்தப் புயலால் மே 10 ஆம் திகதி இரவு, வழமையில் துருவப் பகுதிகளுக்கே உரிய வண்ண ஒளிகள் லடாக்கின் வானத்தில்கூடப் பதிவாகின. "இந்தப் புள்ளிதானா சேர் அது?" என்று பிள்ளைகள் மாறி மாறிக் கேட்டனர்.

நவம்பரில் மாரி பிடித்தது. மாத இறுதியில் பெருமழையும் வெள்ளமும் எங்கள் மாவட்டத்தையே மூழ்கடித்தன. மழை ஓய்ந்த பிறகு கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாளும் விடுபடவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்று முத்து முத்தான எழுத்தில் வரிசையாகப் பூச்சியங்களைப் போட்டு வைத்திருந்தாள்.

"என்ன புள்ள இது?"

"வெயிலே வரல்ல சேர். ஒண்டும் காணல்ல. அதான் பூச்சியம் போட்டன்."

அவள் பொய் சொல்லவில்லை. சோம்பலுக்காக எழுதியதுமல்ல. இடைவெளி விடுவது குற்றம் என்று நினைத்து, ஒழுங்கின் பேரில் எழுதியிருக்கிறாள். ஆனாலும் அந்தப் பக்கம் முழுவதும் பிழை. 2024 இல் சூரியன் புள்ளியே இல்லாமல் இருந்த நாளென்று எதுவும் இருக்கவில்லை. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு பூச்சியம் எப்படிப் பொய்ச்சாட்சியாக மாறுகிறது என்பது அன்று தொடக்கம் எனது மனதை அரித்துக்கொண்டிருக்கின்ற கேள்வி. 'நான் காணவில்லை' என்பதும் 'அங்கே இருக்கவில்லை' என்பதும் ஒன்றா? ஒன்றல்லவென்றால், காணாத நாளுக்கு நாம் என்ன எழுதவேண்டும்?

இந்தக் கேள்வியை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்து நிற்கின்ற இடமொன்று, கடலுக்கு அப்பால், தமிழகத்தின் பழனி மலைத்தொடரில் இருக்கின்றது. கொடைக்கானலில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள சூரிய அவதான நிலையம் அது. 1792 இல் கிழக்கிந்தியக் கம்பனி சென்னையில் கட்டிய அவதான நிலையத்தின் வழிவந்தது. 1899 இல் மலைக்கு மாற்றப்பட்டு, மிச்சி ஸ்மித் என்பவரின் பொறுப்பில் 1901 இல் அவதானங்களைத் தொடங்கியது. 1904 தொடக்கம் வானம் இடம்தரும் நாட்களிலெல்லாம் சூரியனின் முழு வட்டம் அங்கே கண்ணாடித் தகட்டில் படமெடுக்கப்பட்டு வந்தது. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, வெள்ளையர் போய்ச் சுதந்திரம் வந்தது, பணிப்பாளர்கள் மாறினார்கள். காலையில் யாரோ ஒருவர் மலைக்குளிரில் எழுந்துபோய்க் குவிமாடத்தைத் திறந்து படமெடுக்கின்ற வேலை மாத்திரம் மாறவில்லை. அந்த 'யாரோ'க்களில் மிகப் பலரின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

ஆனால் அந்த நிலையம் எதற்காக எழுந்தது என்ற கதை அவ்வளவு தூய்மையானதல்ல. 1876 இலிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். உயிர் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1877 இல், நோர்மன் லொக்கியரும் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரும் சூரியப்புள்ளிகளையும் பஞ்சங்களையும் தொடர்புபடுத்தி ஒரு கட்டுரை எழுதினர். புள்ளிகள் குறைகின்ற வருடங்களில் தென்னிந்தியாவில் மழை குறைகின்றது என்பது அதன் சாரம். அது மெய்யானால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் அல்லவா? இந்தியாவில் சூரியனைத் தொடர்ந்து அவதானிக்க அரசு பணம் செலவிட முன்வந்ததற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். 1878 தொடக்கம் டெஹ்ராடூனில் சூரியன் நாளாந்தம் படமெடுக்கப்பட்டது. பின்னர் கொடைக்கானல் எழுந்தது.

மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் தானிய ஏற்றுமதி நிறுத்தப்படவில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். சந்தையையும் வரியையும் ஆட்சியையும் விசாரிப்பதைவிடச் சூரியனை விசாரிப்பது அதிகாரத்துக்கு வசதியானது. அப்படியானால், பிழையான நோக்கத்தில் பிறந்த ஒரு பதிவேட்டுக்கு மதிப்பு உண்டா?

உண்டு என்றே சொல்வேன். அதற்கான காரணம்தான் இக்கட்டுரையின் மையம். புள்ளிகளை எண்ணிப் பஞ்சத்தை முன்னறிவிக்கும் நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் படமெடுத்தவர்கள் 'இவ்வருடம் மழை பொய்க்கும்' என்று தகட்டில் எழுதவில்லை. கண்டதை மாத்திரமே பதித்தார்கள். ஆதலால் நோக்கம் தோற்ற பின்னரும் பதிவு தோற்கவில்லை. 1909 ஜனவரி 5 ஆம் திகதி ஜோன் எவர்ஷெட் அதே மலையிலிருந்து, புள்ளியின் நடுப்பகுதியிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கி விரைந்து பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் அது அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது. இன்று அத்தகடுகள் கணினி வடிவமாக்கப்பட்டு, நூறு வருடச் சூரியனின் நடத்தையை ஆராய்வோருக்குப் பயன்படுகின்றன. அவற்றை எடுத்தவர்கள் கணினி என்ற ஒன்றையே அறியாதவர்கள்.

இத்தகைய கதை அதுவொன்று மாத்திரமல்ல. கி.பி. 840 அளவில் சூரியனில் பல நாட்கள் ஒரு கறை தென்பட்டதாகவும், அதனை அல்-கிந்தி வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே செல்வதாகக் கருதியதாகவும் ஒரு குறிப்பு உண்டு. வெள்ளி சூரியனைக் கடக்கச் சில மணித்தியாலங்களே பிடிக்கும், நாட்கணக்கில் நிற்காது. அது பெரியதொரு சூரியப்புள்ளியாக இருந்திருக்கவேண்டும். 1607 இல் கெப்லரும் ஒரு புள்ளியைக் கண்டு புதன் என்றே எண்ணினார். பேரறிஞர்கள் இருவரும் கண்டது சரி. சொன்ன விளக்கம் பிழை. எத்தனை நாள் நின்றது என்ற குறிப்பு இருந்ததால்தான் அல்-கிந்தியை ஆயிரம் வருடங்கள் கழித்து நம்மால் மரியாதையோடு திருத்த முடிகின்றது.

ஜேர்மனியின் டெஸாவ் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஹென்றிக் ஷ்வாபே 1826 இலிருந்து வெயிலுள்ள நாட்களிலெல்லாம் சூரியனைப் பார்த்தார். அவர் தேடியது புதனுக்கும் உள்ளே சுற்றுவதாகக் கருதப்பட்ட ஒரு கோளை. அப்படியொரு கோள் இல்லை. அக்கோளோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அவர் புள்ளிகளைக் குறித்து வைத்தார். பதினேழு வருடக் கொப்பிகளைப் புரட்டியபோது, புள்ளிகள் ஏறத்தாழப் பத்து வருடங்களுக்கொரு முறை பெருகிக் குறைவது தெரிந்தது. அதை 1844 இல் வெளியிட்டார். தேடியதை மாத்திரம் எழுதி, தேடாததை விட்டிருந்தால் அவர் ஒன்றுமே கண்டிருக்கமாட்டார்.

சூரியப்புள்ளி என்பது உண்மையில் கருமையானதல்ல. சூரிய மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. வலிமையான காந்தப்புலம் உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுப்பதால் புள்ளியின் நடுப்பகுதி ஆயிரத்துச் சொச்சம் பாகை குறைவாக இருக்கின்றது. சுற்றியுள்ள பிரகாசத்தோடு ஒப்பிடும்போது கறுப்பாகத் தெரிகின்றது, அவ்வளவே. சில புள்ளிகள் ஒரு நாளில் மறையும், சில மாதக்கணக்கில் நிற்கும். நேற்றைய சூரியனை இன்று எந்தக் கருவியாலும் திரும்பப் படமெடுக்க முடியாது. இந்தியா 2023 செப்ரெம்பரில் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம் எவ்வளவு நுட்பமானதாயினும் 1904 ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகாது. அந்த நாளுக்குரிய சாட்சி அந்த நாளில் எழுந்துபோனவர் மாத்திரமே.

சரி, மேகம் மறைத்த நாளுக்கு என்ன செய்தார்கள்? கிரீனிச் அவதான நிலையம் 1874 இலிருந்து 1976 வரை நடத்திய சூரியப்பட வரிசையில் இதற்கொரு விடை இருக்கின்றது. இங்கிலாந்தின் வானம் பெரும்பாலும் மூடியது. ஆகவே நன்னம்பிக்கை முனையிலிருந்தும், மொரீசியஸ் தீவிலிருந்தும், இந்தியாவிலிருந்தும் படங்களைப் பெற்று இடைவெளிகளை நிரப்பினார்கள். ஊகத்தால் நிரப்பவில்லை. ஒருவரின் மேகத்தை வேறொருவரின் வெயில் ஈடுசெய்தது. அதற்கு முதல் நிபந்தனை, 'இன்று நான் காணவில்லை' என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வது.

ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1645 இலிருந்து 1715 வரை சூரியனில் புள்ளிகள் மிக அரிதாகிவிட்ட ஒரு காலம் இருந்தது. மௌண்டர் தாழ்நிலை என்பர். 1998 இல் ஹொயிற், ஷற்றன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய குறிப்புகளைத் தேடித் திரட்டிப் பெரும்பணி ஆற்றினர். ஆனால், 'இக்காலத்தில் புள்ளி எதையும் காணவில்லை' என்ற பொதுப்படையான வாசகங்கள் சில, அந்தக் காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பூச்சியமாக அவர்களது அட்டவணையில் ஏறிவிட்டன. பின்வந்தவர்கள் அவற்றைக் களையவேண்டியதாயிற்று. தாழ்நிலை மெய்தான். அந்த மெய்க்குள்ளும் யாரும் பாராத நாட்களின் பூச்சியங்கள் கலந்திருந்தன. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்ததை உலக மட்டத்திலும் செய்ய முடியும்.

நமக்கு இது புதிய பாடமா? பிறை இருபத்தொன்பதின் மஃரிப் வேளையில் ஒலுவில் கடற்கரையில் நின்று மேற்கே வயல்வெளிக்கு மேலாக வானத்தைத் துழாவியவர்கள் நாம். மேகம் மறைத்துவிட்டால் என்ன சட்டம்? மாதத்தை முப்பதாக நிறைவு செய்கிறோம். 'பிறை பிறக்கவில்லை' என்று நாம் அறிவிப்பதில்லை. 'தென்படவில்லை' என்றுதான் அறிவிக்கிறோம். அறியாமையை ஒப்புக்கொண்டே நடைமுறைக்கொரு முடிவெடுக்கும் ஒழுங்கு அது. இந்த ஒரு சொல்லின் வேறுபாட்டில் எவ்வளவு பெரிய அறம் இருக்கிறதென்பதைப் பிறை விடயத்தில் விளங்கிக்கொண்ட நாம், வேறு விடயங்களில் மறந்துவிடுகிறோம்.

எண்ணுகின்றவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிச்சைச் சேர்ந்த ருடோல்ஃப் வூல்ஃப் 19 ஆம் நூற்றாண்டில் வகுத்த சூரியப்புள்ளி எண் ஓர் எளிய கணக்கு. புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளைக் கூட்டி, வருவதை அவதானிப்பாளருக்குரிய ஒரு குணகத்தால் பெருக்குவது. ஒவ்வொருவரின் கண்ணும் கருவியும் பழக்கமும் வேறு. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுகோல். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை எடைபோட்ட நமது முன்னோர்களின் முயற்சியே எனக்கு நினைவுக்கு வருகின்றது. நேர்மையானவரிலும் ஞாபகசக்தி எப்படி, முதுமையில் தடுமாறினாரா, தடுமாறுமுன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றெல்லாம் பிரித்தறிந்தார்கள். அது அவமதிப்பாகக் கொள்ளப்படவில்லை.

2015 ஜூலையில் பிரசல்ஸிலுள்ள நிலையம் சூரியப்புள்ளி எண் வரிசை முழுவதையும் திருத்தி வெளியிட்டபோது நடந்ததும் ஏறக்குறைய அதுவே. 1940களில் சூரிச்சில் பெரிய புள்ளிகளை ஒன்றுக்கு மேற்பட்டதாக எண்ணும் வழக்கம் எண்களை உயர்த்திவிட்டமை தெரியவந்தது. 1981 இன் பின் உரைகல்லாகக் கொள்ளப்பட்ட லொகார்னோ நிலையத்தின் எண்ணிக்கையும் காலப்போக்கில் மெல்ல விலகியிருந்தது. யாரும் பொய்யெழுதவில்லை. விலகுகிறோம் என்பது விலகுபவருக்கே தெரிவதில்லை. தன் பெயரையும் நாளையும் முறையையும் எழுதி வைத்தவரின் பிழையைத் திருத்தலாம். அவற்றை எழுதாதவரின் சரியைக்கூட நம்ப முடியாது.

இனி, ஒரு நியாயமான ஆட்சேபம். கடற்கரையில் வீடிழந்தவனுக்குச் சூரியப்புள்ளியால் என்ன? பசித்தவன் முன் கொப்பியோடு நிற்பது ஒரு வகைக் கொடூரமல்லவா? பஞ்ச காலத்தைப் பற்றி மேலே எழுதியபோது என் கையும் சற்றுத் தயங்கியது. பதிவு செய்தல், செயலுக்குப் பதிலீடாகிவிட்டால் அது குற்றமே. இதை மறுக்கமாட்டேன்.

ஆனால் எங்கள் கரைக்கே வருகிறேன். 2008 இல் டென்மார்க்கின் கடனுதவியோடு ஒலுவில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கி, 2013 செப்ரெம்பர் 1 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. அலைதடுப்புச் சுவர் அதனை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது; துறைமுக வாயிலிலும் மணல் மூடியது; வடக்கே நிலம் கடலுக்குள் போனது. தென்னந்தோட்டங்கள் போயின. மீன்பிடித் தொழிலாளர் வாடிகளையும் தோணி இழுக்கும் கரையையும் இழந்தனர்.

ஒருநாள் வயதான காக்கா ஒருவர் கடலைக் காட்டி, "அந்தா அலை உடையுதே, அங்கதான் எங்கட தென்னை இருந்த. எத்தன பாகம் எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?" என்றார். இழப்பைப் பற்றி ஒரு காரியாலயத்துக்கு நானும் அவரோடு போயிருந்தேன். முன்பு கரை எங்கே இருந்தது என்பதை எங்களையே நிரூபிக்கச் சொன்னார்கள். எங்களிடம் ஞாபகம் இருந்தது, அளவு இருக்கவில்லை. வேலிக்கட்டையிலிருந்து அலைவரை மாதமொருமுறை கயிறுபிடித்து அளந்து எழுத, பாடசாலைப் பிள்ளையொன்றே போதும். நானே முப்பது வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன். கரை நகரும் என்பது எனக்குத் தெரியும். நான் அளக்கவில்லை. அந்தக் கொப்பி இருந்திருந்தால் கரை காப்பாற்றப்பட்டிருக்கும் என்று சொல்லமாட்டேன். அந்தக் காக்கா வாயடைத்து நின்றிருக்கத் தேவையில்லை என்று மாத்திரம் சொல்வேன். வலியவனுக்கு ஆவணக்காப்பகம் இருக்கின்றது. எளியவனிடம் நினைவு மாத்திரமே இருக்கிறது. அதுவும் வருடா வருடம் மணலைப் போல நகர்கின்றது.

கரைக்கு மாத்திரமா இது பொருந்தும்? யுத்த காலத்தில் வயலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் திகதிகள் எத்தனை ஊர்களில் எழுதப்பட்டிருக்கின்றன? 1990 இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நிகழ்ந்தவை உலகறிந்தவை. ஒருவர், இருவராக, பெயரில்லாத ஒழுங்கைகளில் நிகழ்ந்தவை அப்படியல்ல. இன்று ஒருவர் 'அங்கே ஒன்றும் நடக்கவில்லையே' என்கிறார். அவரிடமிருப்பது யாரும் பாராத நாளின் பூச்சியம். அதேவேளை, அதே வருடங்களில் அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களுக்கு நேர்ந்தவற்றை நமது கொப்பிகள் எவ்வாறு குறித்துள்ளன? அங்கேயும் நாம் பூச்சியம் போட்டிருக்கவில்லையா? நமக்கு மேகமாக இருந்த நாளில் அவர்களுக்கு வெயில் அடித்திருக்கலாம். கிரீனிச் கொடைக்கானலிடம் கேட்டதைப்போல, 'இந்த நாளில் நீங்கள் என்ன கண்டீர்கள்?' என்று ஒருவரையொருவர் கேட்கின்ற துணிவு நம் எழுத்தாளர்களுக்கு வரவேண்டும். அவரவர் பூச்சியங்களை அவரவர் காத்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் கரையின் வரலாறு எழுதப்படப்போவதில்லை.

அந்தப் பிள்ளையிடம் பூச்சியங்களை அழிக்க வேண்டாமென்று சொன்னேன். ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'மேகம்' என்று எழுதி, திருத்திய திகதியையும் இடச் சொன்னேன். குந்தியிருந்து பொறுமையாக எழுதிக்கொண்டு வந்தவள் ஒரு நாளில் நிறுத்தினாள்.

"இண்டைக்கு வெயில் கொஞ்சம் வந்த மாதிரி ஞாபகம் சேர். நான் பார்க்கப் போகல்ல. இதுக்கு மேகம் எண்டும் போடேலாது."

"அப்ப என்ன போடப்போறாய்?"

சற்று யோசித்துவிட்டு எழுதினாள்: 'நான் பார்க்கவில்லை.'